திரைச்சீலை போட்ட அறைகள்: நூறு வயது தாண்டிய ஒரு சீன உணவகத்தின் பெயரும் பழியும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்று ஒரு பழைய சுரங்க நகரம். அங்கே தெற்கு மெயின் தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில் 'பெக்கின் நூடுல் பார்லர்' நடக்கிறது. 1911 முதல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவில் ஒரே குடும்பத்தின் கையில் இடைவிடாமல் நடந்துவரும் சீன உணவகங்களில் இதுதான் மூத்தது என்று அறியப்படுகிறது. 2023இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை இதற்கு 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது கொடுத்தது. அமெரிக்க உணவுத் துறையில் இந்த அறக்கட்டளையின் விருதுகளுக்கு மேல் மதிப்புள்ளவை அதிகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெக்கினில் கிடைப்பவை சாப் சூயி (காய்கறியும் கறித்துண்டுகளும் சேர்த்து வதக்கியது), சௌ மீன் (வதக்கிய நூடுல்ஸ்), எக் ஃபூ யங் (சீன பாணி ஆம்லெட்), இனிப்பும் புளிப்புமான பன்றிக்கறி, நூடுல்ஸ். இன்றைய உணவு ரசிகர்கள் 'இதெல்லாம் சீன உணவே இல்லை' என்று உதட்டைப் பிதுக்கும் பட்டியல் இது. விருதுக் குழுவில் இருப்பவர்களுக்கும் அது தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் விருது எதற்கு? அறக்கட்டளையின் விதிப்படி, 'கிளாசிக்ஸ்' விருது அந்தந்த ஊரின் குணத்தைக் காட்டும் உணவகங்களுக்கானது. சமையல் திறமைக்கு அவர்களிடம் வேறு விருதுகள் இருக்கின்றன. அதாவது இங்கே கௌரவிக்கப்பட்டது ஒரு கடைக்கும் ஒரு ஊருக்கும் இருக்கும் உறவு. அந்த உறவு எப்படி உண்டானது என்று தோண்டிப் பார்த்தால், இன்று கடைக்குப் புகழ் சேர்க்கும் பல விஷயங்கள் ஒருகாலத்தில் சீன உணவகங்களின் மேல் சுமத்தப்பட்ட பழிகளாக இருந்தவை என்பது தெரிகிறது.

முதலில் 'மூத்தது' என்ற பட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்க வேட்டைக் காலத்திலேயே, 1849 வாக்கில், சீன உணவகங்கள் இருந்தன. அவை இன்று இல்லை. 1906 நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அந்த நகரத்துச் சீனர் குடியிருப்பையே அழித்தன. நியூயார்க்கின் டாயர்ஸ் தெருவில் இருக்கும் நாம் வா டீ பார்லர் 1920இல் தொடங்கியது. ஆனால் அது 1970களில் சோய் குடும்பத்திடமிருந்து, அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்த வாலி டாங்கின் கைக்குப் போனது. இன்று நடத்துபவர் அவருடைய உறவுக்காரர் வில்சன் டாங். பழைய உணவகங்கள் பிழைத்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான்: பெயர்ப் பலகை அதே, முதலாளி வேறு. ஆக பெக்கினின் பட்டத்தில் கனமான பகுதி 'ஒரே குடும்பம்' என்பதுதான். சீனர்களுக்குக் குடும்பப் பாசம் அதிகம் என்று சொல்லி இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் பாசத்தைவிடச் சட்டத்துக்கு இதில் பங்கு பெரிது.

1882இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனர் விலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டுக்குள் வர முடியாது. சீனர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. விதிவிலக்கு சிலருக்குத்தான்: வணிகர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள், தூதரக அதிகாரிகள், பயணிகள். வணிகர் என்று அங்கீகாரம் கிடைத்தால் ஊருக்குப் போய்த் திரும்பலாம், மனைவி மக்களை அழைத்து வரலாம். ஆனால் உணவக முதலாளியை நீண்ட காலம் வணிகராகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சமைப்பதும் பரிமாறுவதும் உடலுழைப்பு என்பது வாதம். 1915இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதை மாற்றியது. அதன் பிறகு, ஓரளவு பெரிய முதலீட்டில் நடக்கும் உணவகத்தின் பங்குதாரர் வணிகர் தகுதி கேட்கலாம் என்று ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கச் சீன உணவகங்கள் பெருகின.

அந்தப் பெருக்கத்தின் உள்கணக்கு சுவாரசியமானது. தகுதி கேட்பவர் கடையில் சமையல், பரிமாறல் போன்ற கைவேலை செய்யக்கூடாது. குறைந்தது ஓர் ஆண்டாவது நிர்வாகியாக மட்டுமே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். எனவே ஒரே ஊர், ஒரே குலம் என்று உறவுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டுப் பெரிய உணவகமாகத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று முறை வைத்து நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தகுதி கிடைத்ததும் ஒருவர் சீனா போய்க் குடும்பத்தைப் பார்த்துவருவார், அல்லது மகனை அழைத்து வருவார். அடுத்தவர் நாற்காலிக்கு வருவார். கடை வருமானம் தந்தது; கூடவே குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் வழியாகவும் இருந்தது. 'குடும்ப உணவகம்' என்று இன்று நாம் பாசத்தோடு சொல்வதற்குள் இந்தக் குடியேற்றக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இன்னொரு நிபந்தனை அதைவிட முக்கியம். 1893இல் சேர்த்த திருத்தத்தின்படி, ஒருவர் வணிகர்தான் என்று சீனர் அல்லாத, நம்பத் தகுந்த இரண்டு சாட்சிகள் சொல்ல வேண்டும். சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்? கடைக்கு இறைச்சி போடுபவர், வங்கிக்காரர், பக்கத்துக் கடைக்காரர், வாடிக்கையாளர். சாப்பிட்டுப் போகிறவர் நாளைக்கு அதிகாரி முன்னால் உட்கார்ந்து 'இவரை எனக்குத் தெரியும், நாணயமானவர்' என்று சொல்லவேண்டி வரலாம். கடைக்காரர் ஊரோடு ஒத்துப் போனதை வியாபார சாமர்த்தியம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். நல்ல பெயர் இல்லையென்றால் மனைவி இந்தப் பக்கம் வர முடியாது. ஒரு உணவகத்துக்கு 'பேர்' இவ்வளவு கறாரான பொருளில் தேவைப்பட்ட காலம் அது.

இனி பியூட்டுக்கு வரலாம். செப்புச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். 'பூமியின் வளமான குன்று' என்று பெருமையடித்துக்கொண்ட ஊர். சுரங்கங்கள் இரவும் பகலும் ஷிஃப்ட் முறையில் ஓடின. தனியாட்களாக வந்த தொழிலாளர்கள் விடுதிகளில் தங்கினார்கள், மதுக்கடைகள் விடிய விடியத் திறந்திருந்தன. எந்த நேரத்திலும் சூடாக, மலிவாக, வயிறு நிறையச் சாப்பாடு போடுபவருக்கு அங்கே வேலை இருந்தது. பெக்கின் இருக்கும் பகுதி அன்று சீனர் குடியிருப்பு. பக்கத்தில் மூலிகை மருந்துக் கடை, மளிகைக் கடை, சலவைக் கடை எல்லாம் இருந்தன. மை வா, வா சோங் டாய் என்ற இரண்டு பழைய சீனக் கட்டடங்கள் இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றன.

அதே ஊரில்தான் 1896-97இல் சீனர்களை ஒழித்துக்கட்டும் புறக்கணிப்பு நடந்தது. தொழிற்சங்கங்கள் சேர்ந்து, சீனர் சமைத்ததைச் சாப்பிடாதே, சீனரிடம் துணி வெளுக்கக் கொடுக்காதே என்று அறிவித்தன. கடை வாசலில் ஆட்கள் நின்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சீனர்கள் பயந்து ஓடிவிடவில்லை, வழக்குப் போட்டார்கள். ஹம் ஃபே என்ற உணவக உரிமையாளரும் வேறு சிலரும் முன்னின்றார்கள். மொன்டானாவின் முதல் செனட்டர்களில் ஒருவரான வில்பர் சாண்டர்ஸ் அவர்களுக்காக வாதாடினார். கூட்டாட்சி நீதிமன்றம் புறக்கணிப்புக்குத் தடை விதித்தது. இழப்பீடு கிடைக்கவில்லை, வழக்குச் செலவுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. ஆனால் தடை நின்றது. பதினைந்து வருடம் கழித்து அதே ஊரில் பெக்கின் திறந்தபோது, அதன் நிறுவனர்களில் ஒருவர் ஹம் யாவ், இன்னொருவர் டாம் குவாங் யீ. சீனர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்கிய பிறகு திறந்த கடை அது. சுரங்க நகரத்துத் தொழிலாளிகளைப் பற்றிப் பேசும்போது நாம் எளிதில் உணர்ச்சிவசப்படுகிறோம். சீனத் தொழிலாளி விஷயத்தில் அந்தச் சங்கங்கள் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பெக்கினுக்குள் போனவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்தச் சின்னச் சின்ன அறைகளைப் பற்றித்தான். நடுவில் நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் பலகை அடித்துத் தடுத்த அறைகள், ஆரஞ்சு நிறப் பூச்சு, வாசலுக்குத் திரைச்சீலை. சமையலறையிலிருந்து உணவு உலோகத் தள்ளுவண்டியில் கடகடவென்று வரும். இந்த அறைகளைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி நெடுநாளாக உண்டு: முன்காலத்தில் இங்கே விபச்சாரம் நடந்தது, அதற்குத்தான் திரை. பியூட்டின் சிவப்பு விளக்குப் பகுதி பக்கத்திலேயே இருந்ததால் கதைக்குக் கை கால் முளைத்தது. உண்மையில் திரை போட்ட தடுப்பறைகள் அந்தக் காலத்து நூடுல்ஸ் கடைகளிலும் மதுக்கடைகளிலும் சாதாரணம். குடும்பத்தோடு வருபவர்களும் பெண்களும் யார் கண்ணிலும் படாமல் சாப்பிட வசதி, அவ்வளவுதான். கட்டடத்தின் அடித்தளத்தில் சூதாட்டம் நடந்தது மட்டும் நிஜம். ஊரே சூதாடிய காலம் என்பதால் அதைத் தனிப் பாவமாகச் சொல்லவும் முடியாது.

இந்த வதந்தி பியூட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1909 ஜூனில் நியூயார்க்கில் எல்சி சீகல் என்ற இளம்பெண்ணின் சடலம், ஒரு சாப் சூயி உணவகத்துக்கு மேலே இருந்த அறையில், பெட்டிக்குள் கிடந்தது. கொலையாளி என்று சந்தேகிக்கப்பட்ட சீனர் பிடிபடவே இல்லை. பத்திரிகைகளுக்குச் சொல்லவா வேண்டும்? சீன உணவகம் என்றாலே வெள்ளைக்காரப் பெண்களை மயக்கும் பொறி என்ற படம் நாடு முழுக்கப் பரவியது. வெள்ளைக்காரப் பெண்கள் சீன உணவகத்தில் வேலை பார்க்கக்கூடாது, சில இடங்களில் நுழையவே கூடாது என்று சட்டம் கொண்டுவர முயற்சிகள் நடந்தன. தடுப்பறைகளையும் திரைகளையும் எடு என்று காவல்துறை மிரட்டிய நகரங்களும் உண்டு. இந்தக் கூச்சல்களுக்குப் பின்னால் போட்டிச் சங்கங்களின் வணிக நோக்கம் இருந்ததைச் சட்ட வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் சந்தேகத்துக்குப் பயந்தோ புதுப்பாணிக்கு ஆசைப்பட்டோ அறைகளை இடித்தார்கள். பெக்கின் இடிக்கவில்லை. இன்று அந்த அறைக்குள் உட்கார்ந்து படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிய பழி வேறு வகை. சாப் சூயி ஒரு மோசடி என்று சொல்வதற்கு அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. 1896இல் நியூயார்க் வந்த சீன ராஜதந்திரி லீ ஹோங்ஷாங்கின் சமையல்காரர் அதை அங்கேயே கண்டுபிடித்தார் என்ற கதை இன்னும் உலவுகிறது. அதற்கு முன்பே சாப் சூயி அமெரிக்கப் பத்திரிகைகளில் பேசப்பட்டுவிட்டது என்பதால் அந்தக் கதை நிற்காது. அன்று அமெரிக்கா வந்த சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டோங் மாகாணத்தின் டைஷான் வட்டாரத்துக்காரர்கள். கையில் கிடைத்த காய்கறி, கறித்துண்டுகளைச் சேர்த்து வதக்குவது அவர்கள் வீட்டுச் சமையலில் உள்ளதுதான். அமெரிக்காவில் அதில் செலரி சேர்ந்தது, குழம்பு கெட்டியானது, உறுப்புக் கறிகள் காணாமல் போயின. பெயர்ப் பலகையில் வடக்கு நகரமான பெக்கிங்கை (இன்றைய பெய்ஜிங்) வைத்து, தெற்கத்திச் சமையலைச் சுரங்கத் தொழிலாளியின் பசிக்கு ஏற்ற அளவில் பரிமாறினார்கள். இதைப் போலி என்பதைவிட, இது அமெரிக்காவில் பிறந்த ஒரு வட்டாரச் சமையல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அசல் என்று பலரும் நம்பும் ஜெனரல் சோ கோழி 1950களில் தைவானில் பெங் சாங்-குவெய் உருவாக்கியது. வயதைப் பார்த்தால் சாப் சூயி அதற்குத் தாத்தா.

பழைய கடைகளுக்குப் பெரிய அடி வந்தது விலக்குச் சட்டம் போன பிறகுதான். 1943இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்கு மட்டுமே இடம். 1965 குடியேற்றச் சட்டம்தான் கதவைத் திறந்தது. தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் தேர்ந்த சமையல்காரர்கள் வந்தார்கள். 1972இல் அதிபர் நிக்சன் பெக்கிங் போனதும் அமெரிக்கர்களுக்குச் சீன உணவின் மேல் புதிய மோகம் பிறந்தது. சிச்சுவான், ஹுனான் என்று பெருநகர உணவகங்கள் மாறிக்கொண்டே போயின. சாப் சூயி கடைகள் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் பழசாகிவிட்டன. பியூட்டில் இந்த அலை அடிக்கவில்லை. 1920இல் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை சுரங்கத் தொழில் நொடிக்க நொடிக்கக் குறைந்தது. சீனர் குடியிருப்பு கரைந்தது. பெர்க்லி பிட் என்ற திறந்தவெளிச் சுரங்கம் 1955இல் தொடங்கி, நகரத்தின் பழைய குடியிருப்புகள் சிலவற்றையே விழுங்கியது. 1982இல் அதுவும் மூடப்பட்டது. புதிதாகச் சீனர்கள் வரவில்லை, போட்டிக் கடைகளும் வரவில்லை. பெக்கினில் சாப்பிட்டவர்கள் ஐரிஷ், கார்னிஷ், செர்பிய, ஃபின்னியச் சுரங்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இரவு மதுக்கடை மூடியதும் நூடுல்ஸ் தேடி மாடி ஏறுவது அவர்களுக்கு வழக்கமாகிப்போன விஷயம். அவர்கள் வேறு சுவை கேட்கவில்லை. இதே கடை நியூயார்க்கில் இருந்திருந்தால் 1980ஐத் தாண்டியிருக்காது என்பது என் ஊகம்.

1968இல் இன்னொரு பழி சேர்ந்தது. ராபர்ட் ஹோ மேன் குவாக் என்ற மருத்துவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்துப் பின்புறம் மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, அஜினோமோட்டோவா என்று கேட்டிருந்தார். கேள்வியை எல்லோரும் மறந்தார்கள், அஜினோமோட்டோ மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. இதழ் வைத்த தலைப்பு 'சீன உணவக நோய்க்குறி'. இகேடா கிகுனே 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சுவையூட்டி, அதே காலத்தில் அமெரிக்கர்கள் விரும்பி உண்ட டப்பா சூப்பிலும் நொறுக்குத் தீனியிலும் இருந்தது. அவற்றைச் சாப்பிட்டு யாருக்கும் கழுத்து மரத்ததாகச் செய்தி இல்லை. பின்னாளில், தருவது எது என்று யாருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனைகளில் அந்த அறிகுறிகள் சீராகத் திரும்ப வரவில்லை. உணவு இல்லாமல் வெறும் வயிற்றில் 3 கிராம் அளவுக்கு மேல் கொடுத்தபோது சிலருக்குத் தற்காலிகத் தொந்தரவு தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் 'இங்கே அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை' என்று பலகை மாட்டும் கட்டாயம் பல்லாயிரம் சீன உணவகங்களுக்கு வந்துவிட்டது.

நெடுங்காலம் நடக்கும் குடும்ப உணவகத்துக்குக் கிடைக்கும் நல்ல பெயர், ஒரு வகையில், இந்தப் பொதுப் பழிக்கு எதிரான தனி விலக்கு. 'சீன உணவகங்கள் எல்லாம் அப்படித்தான், ஆனால் நம்ம பெக்கின் வேறே' என்ற மனநிலை. அந்த விலக்கைச் சம்பாதிப்பது ஒரு முகம். பெக்கினுக்கு அந்த முகம் டிங் டாம். ஊர் அவரை டேனி வாங் என்றுதான் அறியும். 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் கடையை நடத்தினார். 2020இல் அவர் இறந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. இப்போது நடத்துபவர் மகன் ஜெர்ரி டாம். விருது வந்தது அவர் காலத்தில்.

மகன் திரும்பி வந்து கடையை எடுத்துக்கொள்வது அபூர்வம். கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதி, பட்டாணித் தோல் உரித்து வளர்ந்த பிள்ளைகள் மருத்துவம், கணினி என்று போய்விடுகிறார்கள். பெற்றோர் உழைத்ததே அதற்குத்தான். 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஓர் அலசல், அமெரிக்காவின் 20 பெரிய நகர்ப்புறங்களில் உணவகங்களுக்குள் சீன உணவகங்களின் பங்கு ஐந்தாண்டுகளில் 7.3 சதவீதத்திலிருந்து 6.5 ஆகக் குறைந்ததைக் காட்டியது. கூட்டம் குறைந்ததைவிட, எடுத்து நடத்த ஆள் இல்லாததே பெரிய காரணம் என்றது. எனவே ஒரு பழைய சீன உணவகம் மூடினால் 'ஐயோ' என்று பதறுவதற்கு முன், அந்தக் குடும்பம் நினைத்தது நடந்துவிட்டதா என்றும் பார்க்கலாம்.

அப்புறம் விலை. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம் இது: ஓர் இனத்து உணவுக்கு அமெரிக்கர்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது அந்தச் சமையலின் நுணுக்கத்தைவிட அந்த இனத்தவரின் சமூக நிலையை ஒட்டியே அமைகிறது. பிரெஞ்சு, ஜப்பானிய உணவுக்கு யோசிக்காமல் கொடுக்கும் தொகையைச் சீன உணவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பழைய குடும்ப உணவகத்தை இது இரட்டிப்பாகத் தாக்கும். 'நிறையப் போடுவார்கள், மலிவு, மாறவே மாட்டார்கள்' என்பதுதான் அதன் பெயர். சம்பளம் வாங்காத குடும்ப உழைப்பு இருந்தவரை அந்தப் பெயரைக் காப்பாற்ற முடிந்தது. அது குறைந்து, வெளியாளுக்குச் சம்பளம் கொடுத்துச் சமைக்கும் நாளில் விலையை ஏற்றத்தான் வேண்டும். ஏற்றினால் முப்பது வருட வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். விருதைப் பார்த்து வெளியூரிலிருந்து வருபவர் விலையைக் கேட்காமல் கொடுப்பார், ஆனால் அவர் மறுபடி மாடி ஏறப்போவதில்லை.